நங்கூர மார்க்கா, அன்ன மார்க்கா?

என் தம்பி மாணிக்கத்தைப் பாலாற்றங்கரையில் அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள் காலை, ஆம்பூர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த காதர் பாய் துக்கம் விசாரிக்க வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். நல்ல மனிதர். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சூப்ரெண்டு சார், தப்பா நெனைக்காதீங்க. கையில இருந்தது அன்ன மார்க்குதானே?"

நான் பதில் சொல்லவில்லை. அதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

"அப்பவே சொன்னேன் நானு. இந்தப் புதுச் சரக்குக்கு மேல மினுக்கு ஜாஸ்தி, உள்ள சத்து கம்மி. நங்கூர மார்க்கு இருக்கச்சொல்ல இந்தப் பேஜாரெல்லாம் உண்டா?"

அந்தப் பதினாறு நாட்களும் இதே கதைதான். தபால்காரர் கேட்டார். கருமாதியன்று சவரம் செய்ய வந்தவர், கத்தியை என் தலையில் வைத்துக்கொண்டே கேட்டார். என்னோடு சென்னையில் பௌதிகம் படித்தவர் ஒருவர் வேலூரிலிருந்து ரயிலேறி வந்தார். அவராவது வேறு ஏதேனும் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரும் என் கையைப் பற்றிக்கொண்டு, "இந்தக் காலத்து எஃகே சரியில்லை" என்றார். எஃகைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். தேர்வில் என் தாளைப் பார்த்து எழுதியவர்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பொறுப்பாளன், அதாவது சூப்பரின்டென்டென்ட். மாணிக்கம் அதே தொழிற்சாலையில் தலைமை ஃபிட்டர். நீராவிக் குழாயின் மூட்டில் ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்பானர் வழுக்கி, பலகையிலிருந்து மல்லாந்து கீழே விழுந்தான். இரண்டாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் அன்ன மார்க் என்ற புதிய ஸ்பானர்களைத் தொழிற்சாலைக்கு வரவழைத்தவன் நான். ஊர் இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது. படித்த அண்ணன் பளபளப்பைப் பார்த்து வாங்கினான், படிக்காத தம்பி அதனால் செத்தான் என்பது அதன் தீர்ப்பு.

வழுக்கிய ஸ்பானர் எது என்பது எனக்குத் தெரியும். அன்று மாலையே தெரியும். ஒரு வாக்கியம் பேசியிருந்தால் பழி என்னைவிட்டு நீங்கியிருக்கும். ஆனால் அது மாணிக்கத்தின் மனைவி அலமேலுவின் மேல் போய் விழுந்திருக்கும். ஆகவே இரண்டு வருஷம் நான் அதைப் பேசவில்லை. இப்போது அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அது கிடைத்த விதத்தை உரிய இடத்தில் சொல்வேன்.

இதை எழுத வேறொரு காரணமும் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகைத் தொடரில், கருவிகளைப் பொறுத்தவரை பழையது புதியது என்ற பேதம் எனக்கில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அன்று முதல் கடிதங்கள். வாணியம்பாடியிலிருந்து ஒருவர் தம் பாட்டனாரின் சுத்தியலுக்கு வம்ச வரலாறு எழுதி அனுப்பியிருக்கிறார். திருப்பத்தூர் அன்பர் ஒருவர் என்னைத் தேசத்துரோகி என்கிறார். அன்ன மார்க்கும் சீமைச் சரக்கு, நங்கூர மார்க்கும் சீமைச் சரக்கு. இதில் தேசம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

மிஞ்சியதைக் கும்பிடுவது

எங்கள் தொழிற்சாலைக்கு முதல் நீராவி எஞ்சின் வந்தபோது நான் சிறுவன். என் தகப்பனார் அங்கே பாயிலருக்கு விறகு போடுபவராக இருந்தார். எஞ்சினோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. அதற்குள் எண்ணெய்த் தாளில் சுற்றி ஆறு ஸ்பானர்கள். ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு நங்கூரம் பொறித்திருந்தது. கனமென்றால் அப்படிக் கனம். ஒரு கையால் தூக்கினால் தோள் இறங்கும்.

அந்த ஆறில் ஒன்று முதல் வருஷமே கழுத்தில் ஒடிந்தது. தகப்பனார் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது என் காதில் இருக்கிறது: "சீமை இரும்புன்னு இன்னா பீத்து பீத்திக்கினான் தொர, முறுக்கு மாதிரி ஒடிஞ்சுபோச்சு." இன்னொன்று அடுத்த மழைக்காலத்தில் ஒடிந்தது. ஒன்று வாய் அகன்று காயலான் கடைக்குப் போயிற்று. ஒன்று சுண்ணாம்புக் குழியில் விழுந்து, எடுத்தபோது எதற்கும் உதவாததாக இருந்தது.

மிஞ்சியவை இரண்டு. அந்த இரண்டையும் பார்த்துத்தான் ஊர், நங்கூரம் ஒடியாது என்றது. ஆயுத பூஜைக்கு அவற்றுக்குக் குங்குமம் வைத்தார்கள். ஒடிந்தவற்றுக்குக் குங்குமம் வைக்க ஆளில்லை, ஏனென்றால் அவை அங்கே இல்லை. கெட்டதெல்லாம் குப்பைக்குப் போன பிறகு மிஞ்சிய நல்லதை மட்டும் பார்த்து, அந்தக் காலமே நல்ல காலம் என்று முடிவு கட்டுவது எந்தத் தர்க்கத்தில் சேரும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். மகாயுத்தம் முடிந்தபின் வந்த நங்கூர மார்க், பழைய நங்கூர மார்க் அல்ல. அதே நங்கூரம், அதே எழுத்து, அதே எண்ணெய்த் தாள். இரும்பு மட்டும் வேறு. அரம் வைத்துப் பார்த்தால் முன்னது அரத்தை எதிர்க்கும், பின்னது வெண்ணெய்போல் இழையும். நான் இதைக் காதர் பாயின் கடையிலேயே, அவருடைய அரத்தைக் கொண்டே செய்து காட்டினேன். பாய் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, "அரம் புதுசு சார், அதான்" என்றார்.

மூட்டை கட்டித் தொங்கவிட்டது

வாய்ப்பேச்சால் ஆகாது என்று தெரிந்து, அன்னம் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் கூடத்தில் ஒரு சோதனை வைத்தேன். மாணிக்கத்தையும் வரச்சொன்னேன். எஞ்சினின் இரும்புப் பீடத்தில் ஒரு நட்டு, திரும்பாதபடி பற்றவைத்தது. அதில் ஸ்பானரை மாட்டி, அதன் பிடி நுனியில், தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டை மூட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிடுவது. பிறகு வாய் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று அளப்பது. பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும்.

தகப்பனார் காலத்து நங்கூரம் மூன்று மூட்டையைத் தாங்கி, நூலளவு அகன்றது. யுத்தத்துக்குப் பிந்திய நங்கூரம் இரண்டாம் மூட்டையிலேயே தவளைபோல் வாயைத் திறந்துகொண்டு, மூட்டையோடு தரையில் விழுந்தது. அன்னம் பார்க்க ஒல்லி, எடையில் நங்கூரத்தில் பாதிதான் இருக்கும். நான்கு மூட்டை தொங்கியது. இறக்கிவிட்டு அளந்தேன். அளவு மாறவில்லை.

"பார்த்தாயா?" என்றேன்.

மாணிக்கம் அன்னத்தை எடுத்து உள்ளங்கையில் இரண்டு முறை எறிந்து பிடித்தான்.

"பாத்தேன் ண்ணா. நல்லாத்தான் இருக்குது. ஆனா கையில நிக்கல. கொழுப்புக் கையோட புடிச்சா கெண்ட மீனாட்டம் வழுக்குது."

இது நியாயமான குறை. முலாம் பூசிய பிடி, எண்ணெய்க் கையில் நிற்காதுதான். நான் அப்போதே ஒப்புக்கொண்டேன். பிடியில் நூல் சுற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

"நூலு சுத்தி, பவுடர் போட்டு, பொட்டு வச்சி... இன்னா ண்ணா, ஸ்பானரா இது, பொண்ணா?" என்று சிரித்தான். பிறகு பழைய நங்கூரத்தை இரும்புப் பீடத்தில் ஒரு தட்டுத் தட்டி, அதன் ஒலி அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டான். "இது பேசுது. அது முணுமுணுக்குது. நீ இரும்ப அளவுல பாக்கற. நான் கையில பாக்கறேன்."

நான்கு மூட்டை ஆவாரம்பட்டை சாட்சி சொல்லியும், என் தம்பி காதால் தீர்ப்பெழுதினான்.

தோல் தக்கை

எங்கள் வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த ஊரிலும் நான் இதைக் கண்டதில்லை. யுத்தத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து தோலை இரண்டாகப் பிளக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. அதன் நட்டுகள் வேறு அளவு. எங்களிடம் இருந்த ஆங்கில ஸ்பானர்களின் வாய் அவற்றுக்கு ஒரு மயிரிழை அகலம். யாரோ ஒரு ஃபிட்டர் கால்மாட்டில் கிடந்த தோல் துண்டை எடுத்து, நட்டுக்கும் ஸ்பானருக்கும் நடுவே செருகினார். பிடித்துக்கொண்டது. அன்றோடு தொலைந்தது.

அதன்பின் எந்த நட்டுக்கும் எந்த ஸ்பானரும் பொருந்தும் என்றாகிவிட்டது. வாய் தேய்ந்துபோனதா, தக்கை வை. அளவு தவறா, தக்கை வை. ஃபிட்டர்கள் மடியில் வெற்றிலைபோல் தோல் தக்கைகளை முடிந்துகொண்டு வந்தார்கள். தேய்ந்த நங்கூரங்கள் சாகாவரம் பெற்றதும் இப்படித்தான். நங்கூரம் இன்றும் உழைக்கிறது என்று மார்தட்டுபவர்கள், உழைப்பது பாதி எருமைத்தோல் என்பதைச் சொல்வதில்லை.

இந்தத் தக்கைகளை வெட்டுவதில் அலமேலுவுக்கு நிகர் கிடையாது. மாணிக்கம் கொண்டுவரும் கெட்டியான கழிவுத் துண்டுகளை ஓரம் சீவி, இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, அம்மிக்கு அடியில் வைத்து இரண்டு நாள் அழுத்துவாள். பலகைபோல் இறுகிவிடும். மற்ற ஃபிட்டர்களும் வீடு தேடி வந்து கேட்டு வாங்கிப்போவார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமிதம் இருந்தது. இருந்திருக்க வேண்டியதுதான்.

நான் மாணிக்கத்திடம் பலமுறை சொன்னேன்.

"தோலைக் கொதிநீரில் போட்டால் என்ன ஆகும்?"

"சுருண்டுக்கும்."

"நீராவிக் குழாய் மூட்டில் ஒழுகினால் அது கொதிநீரா, பன்னீரா?"

"நான் தண்ணியிலயா போடறேன்? நட்டுலதான போடறேன்? தோல் ஊர்ல தோல் வைக்காம தங்கமா ண்ணா வைப்பாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பட்டை நீரில் பதனிட்ட தோல், நனைந்து சூடேறினால் சுருங்கும் என்பது ஆம்பூரில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் தெரியும். அந்த அறிவு பதனிடும் தொட்டியருகே இருக்கும், எஞ்சின் கூடத்துக்குள் வராது. ஒரே மனிதனின் ஒரே தலைக்குள் இரண்டு அறைகள், நடுவில் கதவில்லை.

பலகையும் தரையும்

அன்று காலை நான் அலுவலக அறையில் இருந்தேன். பட்டை நீரைச் சூடாக்கும் தொட்டிக்கு மேலே, ஒன்றரை ஆள் உயரத்தில் போகும் குழாயில் ஒழுக்கு. நீராவியை நிறுத்தாமலே முடுக்கிவிடலாம் என்று மாணிக்கம் பலகை போட்டு ஏறியிருக்கிறான். சத்தம் கேட்டு ஓடினேன்.

தொட்டியின் கல்விளிம்பை ஒட்டிக் கிடந்தான். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "முக்கா சுத்து பாக்கி ண்ணா" என்றான். நான் அவனிடம் கேட்ட கடைசி முழு வாக்கியம் அது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் பேசியது எதுவும் வாக்கியமாக இல்லை.

அவனருகே தரையில் அன்ன மார்க் ஸ்பானர் பளபளவென்று கிடந்தது. அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

மாலையில் நீராவியை நிறுத்திவிட்டு நானே பலகைமேல் ஏறினேன். அங்கே, குழாயை ஒட்டி, நங்கூர மார்க் ஸ்பானர் கிடந்தது. அதன் வாயில் ஒரு தோல் தக்கை, சுண்டைக்காய் வற்றல்போல் சுருண்டு இறுகியிருந்தது. அன்னத்தை மாணிக்கம், நான் வற்புறுத்தியதற்காக இடுப்பில் செருகி வைத்திருந்தான். விழுந்தபோது அதுவும் கூட விழுந்தது. அவ்வளவே அதன் குற்றம்.

நான் அந்தத் தக்கையைப் பிடுங்கி எடுத்தேன். அதன் ஓரச்சீவலே சொன்னது, அது யார் கையால் வெட்டியது என்று. பாயிலர் அடுப்பில் அதைப் போட்டேன். பிறகு மேலே ஏறி, பாக்கியிருந்த முக்கால் சுற்றை அன்ன மார்க்கைக் கொண்டு முடுக்கினேன். ஒழுக்கு நின்றது.

மூன்று உத்தரவுகள்

முதலாளி சாயபு என்னைக் கூப்பிட்டனுப்பினார். மரியாதைக்குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை.

"சூப்ரெண்டு, ஆளுங்க பயப்படறாங்க. அன்னத்த எல்லாம் எடுத்து உள்ள வச்சிடுங்க. பழைய மார்க்கே போதும்."

அந்த வட்டாரத்திலேயே வாய் அகலாத ஸ்பானர்கள் சாக்கில் கட்டுண்டு சரக்கறையின் மூலைக்குப் போயின. வாய் அகன்ற நங்கூரங்கள் மாலை மரியாதையோடு திரும்பிவந்தன. அவற்றுக்குப் பொருத்தம் வேண்டுமே, தக்கைகளும் பெருகின.

அலமேலு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். பண்டிகைக்கு என் மனைவி போய் அழைத்தால், வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிடுவாள். தெருவில் எதிர்ப்பட்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போவாள். ஊரின் தீர்ப்பை அவளும் ஏற்றுக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். நினைத்துக்கொள்ளட்டும், அது அவளுக்கு இலகு என்றும் நினைத்தேன்.

தக்கை வைக்கக்கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிட்டேன். அதைச் சுவரில் ஒட்டினார்கள். இரண்டாம் உத்தரவைக் காரணங்களோடு எழுதினேன். அதையும் ஒட்டினார்கள். மூன்றாவதைக் கூட்டிவைத்து வாசித்தேன். கோவிந்தன் என்ற ஃபிட்டர், மாணிக்கத்துக்கு அடுத்த நிலையில் இருந்தவன், பணிவாகவே எழுந்து நின்றான்.

"கோச்சுக்காதீங்க சார். மாணிக்கம் மேஸ்திரி அத்தினி வருசமா தக்க வச்சாரு. தக்கையால அவருக்கு ஒண்ணும் ஆவலியே. நீங்க வாங்கிக் குடுத்த..."

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. தக்கை தீங்கற்றது என்பதற்கு அவர்களிடம் இருந்த அத்தாட்சி, என் தம்பி. அந்த அத்தாட்சியை உடைக்கக்கூடிய ஒரே பொருளை நானே அடுப்பில் போட்டிருந்தேன்.

இரண்டாம் வருஷக் கோடையில் அதே கோவிந்தன், அதே போன்ற ஒரு குழாய் நட்டை, அதே போன்ற தக்கையோடு முடுக்கினான். ஸ்பானர் வழுக்கி, கை குழாய்க்கும் சுவருக்கும் நடுவே சிக்கியது. இரண்டு விரல்கள் நசுங்கின. முழங்கைவரை வெந்தது. உயிர் தப்பியது தற்செயல்.

நான் ஒருத்தியைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தின் செலவை வேறொருவன் தன் கையால் கொடுத்தான். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று மதியம் அலமேலுவின் வீட்டுக்குப் போனேன்.

மடியில் இருந்தவை

அவள் முற்றத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வாங்க மாமா."

நான் உட்காரவில்லை. எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து, ஒரு விரிவுரைபோல் தயாரித்து வைத்திருந்தேன். கோவிந்தனுக்கு நேர்ந்ததைச் சொன்னேன். நனைந்த தோல் சூட்டில் சுருங்குவதைச் சொன்னேன். மாணிக்கத்தின் கையில் அன்று இருந்தது அன்ன மார்க் அல்ல என்று சொல்லும் இடத்துக்கு வந்தபோது, அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"தெரியும் மாமா."

நான் நிறுத்தினேன்.

"அன்னிக்கிக் காலையில மூணு தக்க வெட்டிக் குடுத்தேன். ஆஸ்பத்திரியில அவரு வேட்டியச் சுருட்டிக் கையில குடுத்தாங்க. மடியில ரெண்டுதான் இருந்துச்சு. அப்பவே தெரியும்."

"யாரிடமும் சொல்லவில்லையே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். மேல ஏறிப் பாத்தவரு நீங்கதான? வந்து, 'உன் கையால வெட்டினதுதான்டி'ன்னு ரெண்டு வார்த்த கேப்பீங்கன்னு ரெண்டு வருசமா வாசலப் பாத்துக்கினு இருந்தேன். நீங்க கேக்கல. கேக்காத மனுசனோட வீட்டுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது?"

சொல்லத் தெரியாத இடத்தில் மனிதன் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறான். தடிமன் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அந்தச் சூட்டில் எந்தத் தோலும் சுருண்டிருக்கும், வெட்டிய கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன்.

"அப்ப வெட்டினவ மேல தப்பில்ல. வச்சவரு மேலதான்னு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லவில்லை."

"பின்ன? இரும்பு மேலயும் இல்ல, தோலு மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல, அவரு மேலயும் இல்ல. யாரு மேலயும் இல்லாமயே ஆளு பூட்டாரா?" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது. இரண்டு வருஷங்களில் யாரும் என்னிடம் பேசிய முதல் நியாயமான பேச்சு அது. "அவருக்குத் தெரியும் மாமா. தோலு சுருளும்னு தெரிஞ்சேதான் வச்சாரு. எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் வெட்டினேன். அன்னியிலேருந்து ஒண்ணுகூட வெட்டல. பசங்க வந்து கேட்டானுங்க. கை வலின்னு சொல்லி அனுப்பிட்டேன். ஏன்னு ஒருத்தனும் கேக்கல."

நானும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் தக்கைகளின் வெட்டு ஒழுங்கற்றுப் போயிருந்ததை இரண்டு வருஷமாகப் பார்த்திருந்தும், அது என் மனத்தில் ஒரு கேள்வியாகவே எழவில்லை. அளப்பதில் வல்லவன் என்று பெயரெடுத்தவன் நான்.

"கோவிந்தன் எப்டி இருக்கறான்?" என்றாள்.

சொன்னேன்.

"நாளைக்கு ஷாப்புக்கு வர்றேன்."

"நீ வரவேண்டியதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்."

"நீங்க சொல்லித்தான் பாத்தீங்களே மாமா. செவுரெல்லாம் சொல்லுது. மொதல்ல நான் சொல்றேன், அப்பால நீங்க எங்க வேணா எழுதிக்குங்க."

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் வந்தாள். எஞ்சின் கூடத்துக்குள் அதுவரை எந்தப் பெண்ணும் நுழைந்ததில்லை. நான் ஏதேனும் முன்னுரை சொல்ல வேண்டுமோ என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அவள் எனக்கு அந்த வேலையை வைக்கவில்லை.

"டேய், என் ஊட்டுக்காரரு செத்தது அன்னத்தால இல்ல. நங்கூரத்துல தக்க வச்சி முடுக்கினாரு. அது ஆவியில சுருண்டுச்சி, அவரு வுழுந்தாரு. தக்க நான் வெட்டினது. அத எடுத்துப் பாத்தவரு இதோ நிக்கறாரு. என் மூஞ்சிக்காவ வாயத் தொறக்காம உங்ககிட்ட பேச்சு வாங்கிக்கினாரு. போதும். மடியில வச்சிக்கினு கீறத எல்லாம் எடுத்து இப்டிப் போடுங்க."

முந்தானையை ஏந்தினாள்.

கதவோரம் நின்றிருந்த கோவிந்தன், வலது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்க, இடது கையால் தட்டுத்தடுமாறி மடியை அவிழ்த்தான். அவனுக்கு அன்று வேலையில்லை, சும்மா வந்திருந்தான். அப்படியும் மடியில் தக்கை இருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்று உத்தரவுகளால் நடக்காதது, உலையில் ஒரு கொதி வருவதற்குள் நடந்து முடிந்தது.

கடைசியாகப் போட்ட ஃபிட்டர், பழைய ஆள், போட்டுவிட்டும் நகரவில்லை. சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை.

"ஆனாக்கா, எது சொல்லு, சாமான்னா நங்கூரந்தான். நாள் பட்டும் பாரு, எப்டிக் கீது."

நான் வாயைத் திறந்தேன். ஆறில் நான்கு வீணான கதையும், மூட்டைக் கணக்கும் நுனிநாக்கில் இருந்தன. அலமேலு என்னைப் பார்க்கவேயில்லை. தோல் துண்டுகளை முந்தானையில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஆமாண்டா. நங்கூரம் நல்லாத்தான் கீது. ஆளுதான் இல்ல."